பாடநூலைத் திறப்பதற்கு முன் ஒரு கல்வெட்டு

கேள்வி: சென்னையில் அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். மூலச் சான்றுகளைக் கொண்டு வரலாறும் குடிமையியலும் நடத்த விரும்புகிறேன். ஆனால் பாடவேளை நாற்பது நிமிடம்தான். பாடப்பகுதியையும் முடித்தாக வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: எல்லாப் பாடங்களுக்கும் சான்று தேட வேண்டாம், ஒரு பருவத்துக்கு இரண்டு போதும். ஆனால் அந்தச் சான்றைப் பாடநூலைத் திறப்பதற்கு முன்பே மாணவர் கையில் கொடுத்துவிடுங்கள். பாடம் முடிந்தபின் காட்டப்படும் கல்வெட்டு, ஏற்கெனவே சொல்லப்பட்ட விடைக்கு ஒரு படமாக மட்டுமே நின்றுவிடுகிறது.

முதல் முயற்சிக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரை எடுத்துக்கொள்ளலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகளும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ளன. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, தகுதியுள்ளோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு எடுத்து உறுப்பினரைத் தேர்ந்த குடவோலை முறையை அவை சொல்கின்றன. கிரந்த எழுத்துகள் கலந்த மூலத்தில் இரண்டு வரியைக் கண்ணால் பார்க்கவும், தகுதி விதிகளின் இன்றைய தமிழ் வடிவத்தைப் படிக்கவும் ஒரே பக்கத்தில் நகலெடுத்துக் கொடுங்கள். வரி செலுத்தும் நிலம், அதில் சொந்த மனை, வேதப் பயிற்சி, 35க்கு மேல் 70க்குள் வயது ஆகியவை தகுதிகள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதியற்றோர். பிறகு இரண்டே வினாக்கள் கேளுங்கள்: இந்த ஊரில் யாருடைய பெயர் ஓலையில் எழுதப்பட்டிருக்க முடியாது? ஓலையை எடுத்தவர் யார்?

முதல் வினாவுக்கு விடை தேடும்போது பெண்களும், நிலமில்லாத உழவர்களும், வேதம் ஓதும் உரிமை மறுக்கப்பட்டோரும் இந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்பது தெரியவரும். இது பிராமணர்களின் சபை என்பதை அப்போது சொல்லுங்கள். இரண்டாவது வினா இன்னும் முக்கியமானது. குடத்திலிருந்து ஓலையை எடுத்தவன் ஒரு சிறுவன். அதாவது நடந்தது குலுக்கல், வாக்களிப்பு அல்ல. குடவோலை முறையை இன்றைய தேர்தலாகவே எண்ணியிருக்கும் மாணவர், வரியைச் சுட்டிக்காட்டித் தாமே அதைத் திருத்திக்கொள்வதுதான் இப்பயிற்சியின் பயன். அதனால் அவ்வூராரின் பெருமை குறைந்துவிடாது. கணக்குக் காட்டாதவரை விலக்கிய விதி இன்றும் வியக்கத்தக்கது.

மறுநாள் அரசமைப்புச் சட்டத்தின் 84, 326 ஆகிய உறுப்புகளை அதே வினாக்களோடு படிக்கச் செய்தால், வேட்பாளர் தகுதியும் வாக்காளர் தகுதியும் வேறு வேறு என்பது விளங்கும். வாக்குரிமை வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்த 61ஆவது திருத்தத்தையும் அங்கேயே முடித்துவிடலாம். இரண்டு பாடங்களுக்குரிய செய்திகள் இவ்வாறு இரண்டு பாடவேளைக்குள் அடங்கிவிடுவதால், நேரம் பற்றிய உங்கள் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மேல் வகுப்புகளுக்கு நம் மாநிலத்திலேயே எழுந்த செண்பகம் துரைராஜன் வழக்கு இருக்கிறது. கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பகிர்ந்த சென்னை அரசின் ஆணை, அது செல்லாது என்ற 1951ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பு, அதே ஆண்டு முதலாவது அரசமைப்புத் திருத்தம் சேர்த்த, பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடுகளை அனுமதிக்கும் 15(4) உறுப்பு ஆகிய மூன்றிலிருந்தும் ஒவ்வொரு பத்தி போதும். ஆயினும் எந்த மாணவரும் தம் சாதியை வகுப்பில் சொல்ல நேராதபடி, பேச்சை ஆவணத்தின் சொற்களிலேயே நிறுத்துங்கள். இதில் சிறிதும் தளர்வு கூடாது.

சான்றுகளைத் தேடி மாணவர்களை அழைத்துச் செல்ல வேண்டியதில்லை, நீங்கள் மட்டும் சென்றால் போதும். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், தரமணியில் பழைய இதழ்களுக்குப் பேர்போன ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆங்கில ஆவணமாயின், தேவையான பத்தியை நீங்களே எளிய தமிழில் பெயர்த்து, மூலத்தையும் பக்கத்தில் வையுங்கள்.

மதிப்பீட்டுக்குத் தனித்தேர்வு தேவையில்லை. வழக்கமான ஐந்து மதிப்பெண் விடையிலேயே, தாம் சொல்லும் ஒரு கருத்துக்கு ஆதாரமான வரியைக் குறிப்பிடும்படி கேளுங்கள். வரியைச் சரியாகக் காட்டியவருக்கு, அவருடைய முடிவு உங்கள் முடிவோடு ஒத்துப்போகாவிட்டாலும், முழு மதிப்பெண் கொடுங்கள்.