வாசகர் கேள்விகள்: ஹான்ஸ் மார்கெந்தாவும் அதிகாரத்தின் எல்லையும்

கேள்வி: வல்லரசுகள் செய்யும் எதற்கும் ‘தேசிய நலன்’ என்று நியாயம் கற்பிக்க வழிகாட்டியவர்தானே சர்வதேச அரசியல் அறிஞர் மார்கெந்தாவ்? அவரை ஏன் இன்னும் படிக்க வேண்டும்? (வாசகர், திருச்சி)

பதில்: அரசியல் என்பது அதிகாரத்துக்கான போராட்டம் என்றும், அதிகாரத்தின் வழியாக வரையறுக்கப்படும் நலனே வெளியுறவுக் கொள்கையைப் புரிந்துகொள்ளும் திறவுகோல் என்றும், 1948-இல் வெளியான ‘பாலிடிக்ஸ் அமங் நேஷன்ஸ்’ நூலில் அவர் எழுதியது உண்மை. பலர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். 1954-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவர் சேர்த்த ஆறு கோட்பாடுகளில், விளைவுகளை எடைபோட்டுப் பார்க்கும் விவேகமே அரசியலின் தலையாய பண்பு என்பது ஒன்று. எந்த நாடும் தன் தார்மீக விருப்பத்தை உலகத்துக்கே பொதுவான அறமாகக் கருதக் கூடாது என்பது இன்னொன்று. தன் நலனைக் கணக்கிடத் தெரிந்த நாடு பிற நாடுகளுக்கும் நலன்கள் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளும். அறத்தின் ஒரே காவலனாகத் தன்னை நினைத்துக்கொள்ளும் நாடு எந்த இடத்திலும் நிற்காது என்பதே அவருடைய கவலை.

கேள்வி: இந்த அவநம்பிக்கை அவருக்கு எங்கிருந்து வந்தது? (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: 1904-இல் ஜெர்மனியின் கோபுர்க் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்து, சட்டம் பயின்று, ஜெனீவாவில் கற்பித்துக்கொண்டிருந்தவருக்கு, 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் தாய்நாட்டின் கதவு மூடிவிட்டது. அடுத்துப் போன ஸ்பெயினின் மாட்ரிட்டில் 1936-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1937-இல் அமெரிக்கா சேர்ந்து, 1943 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நிலைபெற்றார். சட்டங்களும் ஒப்பந்தங்களும் மட்டுமே மனிதரைக் காத்துவிடும் என்று நம்ப முடியாத வாழ்க்கை அது.

கேள்வி: அவர் வியட்நாம் போரை எதிர்த்தது தன் கோட்பாட்டுக்கே முரண் இல்லையா? (வாசகர், கொழும்பு)

பதில்: முரண் இல்லை, அந்தக் கோட்பாட்டுக்கு அவர் தந்த மிக நேர்மையான விளக்கமே அந்த எதிர்ப்பு என்பது என் கருத்து. ஐரோப்பாவில் சோவியத் படைகளுக்கு எதிரே இராணுவ எல்லைக்கோடு போட்டது பலித்ததால், அதே முறை ஆசியாவிலும் பலிக்கும் என்று அமெரிக்கா எண்ணியதை அவர் பெரும் பிழையாகக் கண்டார். ஆசியாவில் சீனாவின் செல்வாக்கு அரசியலாலும் பண்பாட்டாலும் பரவுவது. அதைச் சுற்றிலும் படைகளை நிறுத்தித் தடுத்துவிட முடியாது என்றார். வட வியட்நாமின் கம்யூனிசத் தலைவர் ஹோ சி மின்னை, சோவியத் பிடிக்கு அடங்காத யூகோஸ்லாவியாவின் டிட்டோவைப் போலத் தன்வழி நிற்கும் தேசியத் தலைவராக வளரவிட்டால், சீனாவுக்கு அவரே தடையாக இருப்பார் என்றும் வாதிட்டார். பாதுகாப்புத் துறையின் ஆலோசகராக இருந்த அவர் 1965-இல் அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டு ஜூன் 21 அன்று, அதிபர் ஜான்சனின் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியுடன் சிபிஎஸ் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் விவாதித்தார். பின்னர் 1979 பிப்ரவரியில் சீனப் படைகள் வியட்நாமுக்குள் நுழைந்தன. கம்யூனிச நாடுகள் எல்லாம் ஒரே அணி என்ற எண்ணம் எவ்வளவு பொய் என்பதை, 1980-இல் இறப்பதற்கு முன் அவரே காண நேர்ந்தது.

கேள்வி: அவருடைய கோட்பாட்டின் பலவீனம் எது? (வாசகர், கோவை)

பதில்: அதிகாரம் என்ற சொல்லை அவர் சில இடங்களில் குறிக்கோளாகவும் சில இடங்களில் கருவியாகவும் கையாள்கிறார், அந்தக் குழப்பத்தை நானும் உணர்ந்திருக்கிறேன். மேலும், போட்டியின் வேரை அவர் பெரும்பாலும் மனித இயல்பில் தேடினார். 1979-இல் அமெரிக்க அரசியல் அறிஞர் கென்னத் வால்ட்ஸ், நாடுகளுக்கு மேலே ஓர் ஆட்சி இல்லாத அமைப்பே அந்தப் போட்டியை உருவாக்குகிறது என்று வாதிட்டது, பிற்காலத்தவருக்குக் கூடுதல் கறாரான விளக்கமாகப் பட்டது.

கேள்வி: அணுகுண்டு பற்றி அவர் என்ன நினைத்தார்? (வாசகி, சென்னை)

பதில்: போரை அரசியலின் கருவி என்று ஏற்றவரே, அணு ஆயுதப் போரில் அடையக்கூடிய நலன் எதுவுமே இல்லாததால் அந்தக் கருவி பயனற்றுப் போனது என்று எழுதினார். தம் மக்களைக் காக்க இயலாத தேசிய அரசுகளின் காலம் முடிகிறது என்றும், உலக அரசு தேவை என்றும் அவர் கருதினார். ஆனால் உலகச் சமுதாயம் உருவாகாமல் உலக அரசு உருவாகாது என்பதால், அதற்கான முதல் வேலையை ஆரவாரமின்றிப் பேசி இணக்கம் காணும் பழைய ராஜதந்திரத்திடமே ஒப்படைத்தார்.