ஈர மண்ணுக்கு டஹூன் ஹாலி: பழத்தைப் பார்த்து வாங்கினால் போதுமா?

கேள்வி: ஃபுளோரிடாவில் தாம்பாவுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பின்பக்கம் பள்ளமான இடம். மழைக்காலத்தில் நாலைந்து நாள் தண்ணீர் தேங்கும். டஹூன் ஹாலி அங்கே நன்றாக வரும் என்கிறார்கள். நர்சரியில் சிவப்புப் பழம் குலுங்கும் செடி ஒன்று இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். அந்தப் பள்ளத்துக்கு மிகவும் பொருத்தமான மரம் அது. இலெக்ஸ் காசைன் என்ற தாவரப் பெயர் கொண்ட டஹூன், அமெரிக்காவின் தென்கிழக்குக் கடலோரத்துச் சதுப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் தானாகவே வளர்கிறது. குளிர்காலத்திலும் இலை உதிர்க்காது. 20 முதல் 30 அடி வரை உயரும், 8 முதல் 15 அடி வரை படரும். சுவரிலிருந்து 10 அடியாவது தள்ளி வையுங்கள்.

ஆனால் அந்தப் பழத்தை நம்பிப் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு விஷயம். ஹாலியில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பழம் இருந்தால் அது பெண் செடி என்பது மட்டும்தான் உறுதி. நர்சரியிலோ அதன் பக்கத்திலோ நின்ற ஓர் ஆண் செடியின் மகரந்தத்தைத் தேனீக்கள் கொண்டுவந்ததால் காய்த்த பழம் அது. உங்கள் வீட்டருகே ஆண் மரம் இல்லையென்றால் அடுத்த குளிர்காலத்தில் பழத்தை எதிர்பார்க்க முடியாது. செடிக்கு நோய் என்று நினைத்து உரமாகக் கொட்டுகிறவர்கள் உண்டு, அதனால் பயனில்லை.

எனவே முதலில் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். அருகே டஹூன் வளர்ந்த சதுப்பு இருந்தால் தேனீக்கள் பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் ஆண் செடி ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். பல பெண் மரங்களுக்கு ஓர் ஆண் போதும். தோட்டத்தின் ஏதாவது ஒரு மூலையில் நிற்கட்டும்.

கடைக்காரரிடம் ‘இது விதையில் வந்ததா, பதியனா?’ என்று கட்டாயம் கேளுங்கள். ஒரே பெண் மரத்திலிருந்து குச்சி வெட்டிப் பதியன் போட்டவை அத்தனையும் பெண்தான். அதில் மூன்று வாங்கினாலும் ஆண் கிடைக்காது. விதைச்செடி என்றால் பூக்கும் வரை தெரியாது. ஆண் செடி வாங்க வசந்தகாலமே சரியான நேரம். வெள்ளைப் பூ ஒன்றைப் பறித்து உள்ளே பாருங்கள். நடுவில் பச்சை மணி போல் சூலகம் திரண்டிருந்தால் பெண். அது இல்லாமல், மகரந்தம் ஒட்டிய கேசரங்கள் எடுப்பாக நீட்டிக்கொண்டிருந்தால் ஆண்.

கேள்வி: இன்னொரு கடையில் ‘ஈஸ்ட் பலட்கா ஹாலி’ என்று காட்டுகிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. அது டஹூனும் அமெரிக்கன் ஹாலியும் கலந்த கலப்பினம், பெண் மரம். அழகான மரம்தான், ஆனால் அதற்கு வடிகால் வேண்டும். தண்ணீர் தேங்கும் இடத்தில் டஹூன் அளவுக்குத் தாங்காது. சீட்டில் ‘ஹாலி’ என்று மட்டும் போட்டிருந்தால் வாங்க வேண்டாம். சீன, ஜப்பானிய ஹாலிகளும் அதே பெயரில்தான் விற்கின்றன. இலெக்ஸ் காசைன் என்று எழுதியிருக்க வேண்டும், ரசீதிலும் அதே பெயர் வர வேண்டும்.

கேள்வி: ஈரம் தாங்கும் செடிதானே, எப்போது வேண்டுமானாலும் நடலாமா?

பதில்: வளர்ந்த மரம் தாங்கும். தொட்டியிலிருந்து நேற்று வந்த செடி தாங்காது. அதன் வேர் முழுவதும் இன்னும் தொட்டிக் கலவைக்குள்ளேயே இருக்கிறது. அது தண்ணீரில் மூழ்கினால் காற்றில்லாமல் அழுகும். ஜூனில் மழை பிடிப்பதற்குள் வேர் வெளியே ஓட வேண்டுமானால் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் நட்டுவிடுங்கள். தோண்டுவதற்குச் சில நாள் முன்பே 811-ஐ அழைத்து, நிலத்தடிக் குழாய், கேபிள் போகும் இடத்தைக் குறிக்கச் சொல்லுங்கள்.

வாங்கும்போதே செடியைத் தொட்டியிலிருந்து லேசாக உருவிக் காட்டச் சொல்லுங்கள். விரல் தடிமனான வேர்கள் தொட்டியைச் சுற்றி வளைந்திருந்தால் அந்தச் செடி வேண்டாம். மெல்லிய வேர்கள் சுற்றியிருந்தால் பரவாயில்லை, தாய்மண்ணின் (வேரோடு சேர்ந்து வரும் தொட்டி மண்கட்டியின்) வெளிப்புறத்தை ஓர் அங்குலம் சீவிவிட்டு நடலாம். மேல்மண்ணை விலக்கி, தண்டிலிருந்து முதல் வேர் பிரியும் இடத்தையும் கண்டுபிடியுங்கள். பல தொட்டிகளில் அது புதைந்தே இருக்கும்.

குழி, தாய்மண்ணைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலம் இருக்கட்டும். ஆழம் தாய்மண்ணின் உயரத்தைவிடச் சற்றுக் குறைவாக, அதன் மேல்பகுதி தரையிலிருந்து இரண்டு அங்குலம் தூக்கி நிற்கட்டும். தோண்டிய மண்ணையே போட்டு மூடுங்கள். குழிக்குள் மட்கிய உரம் போட்டால் தண்ணீர் அங்கேயே தேங்கும். மூடாக்கு இரண்டு மூன்று அங்குலம் போதும், தண்டைத் தொடக்கூடாது. மழையில்லாத நாட்களில் முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு இரண்டு மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், தண்டின் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் இரண்டு மூன்று கேலன் தண்ணீர் ஊற்றுங்கள்.

கேள்வி: எங்கள் டஹூனின் புது இலை மஞ்சளாகிறது. நரம்பு மட்டும் பச்சை. கான்கிரீட் நடைபாதை ஓரம் நிற்கிறது.

பதில்: இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். கான்கிரீட்டின் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கும்; அங்கே இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. மண்ணின் பி.எச். அளவைப் பரிசோதித்துவிட்டு, கார மண்ணில் வேலை செய்யும் கீலேட் இரும்பு வாங்குங்கள். நைட்ரஜன் உரம் இதைச் சரிசெய்யாது. ஃபுளோரிடாவின் பல கவுண்டிகளில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை அதைப் போடத் தடையும் உண்டு. இளஞ்செடியாக இருந்தால் நடைபாதையை விட்டுத் தள்ளி மாற்றி நடுவதே நல்லது.