காசு கட்டித் தொண்டு செய்யலாமா?

அன்புள்ள அண்ணைக்கு,

கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டது. கம்பஸ் தொடங்க எப்படியும் ஒரு வருசம் ஆகும் என்கிறார்கள். அதற்குள் நேபாளத்தில் ஒரு சிறுவர் இல்லத்தில் மூன்று மாதம் ஆங்கிலம் படிப்பிக்கப் போக விரும்புகிறேன். அனுப்புகிற நிறுவனம் நான்கு இலட்சம் ரூபா கேட்கிறது. கனடாச் சித்தப்பா தருவார். 'காசு குடுத்து ஆரும் வேலைக்குப் போவினமோ?' என்று அம்மா கேட்கிறா. போகலாமா?

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

வெளிநாடு போகிற ஆசையில் பிழையில்லை. இந்த இல்லத்துக்குப் போகவேண்டாம்.

சாப்பாட்டுக்கும் தங்கிடத்துக்கும் காசு வாங்குவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் காசு கட்டும் தொண்டர்கள் தொடர்ந்து வரவேண்டுமென்றால், இல்லத்திலும் பிள்ளைகள் தொடர்ந்து இருந்தாகவேண்டும். நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை உள்நாட்டுப் போர் நடந்தபோது, ஹும்லா போன்ற மலை மாவட்டங்களுக்குத் தரகர்கள் போனார்கள். காத்மண்டுவில் நல்லாய்ப் படிப்பிக்கிறோம் என்று சொல்லி, தாய் தகப்பனிடம் காசும் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். பெற்றோர் உயிரோடிருக்க அநாதைகளாகக் காட்டப்பட்ட பிள்ளைகள். போர் முடிந்தும் அந்த வியாபாரம் முடியவில்லை. வெளிநாட்டார் அதிகம் வரும் காத்மண்டு, பொக்காரா பக்கம்தான் இல்லங்களும் அதிகம். எல்லா இல்லமும் அப்படியில்லை. எது அப்படி என்பதைக் கொக்குவிலில் இருந்து பிரித்தறிவது கடினம்.

பொலிஸ் நற்சான்றிதழ் கேட்டார்களா? கடிதத்தில் காசுக் கணக்கு இருக்கிறது, அது இல்லை. சிறு பிள்ளைகளோடு தங்க உங்களை ஒன்றும் விசாரிக்காமல் விடுகிறவர்கள், வேறு எவனையும் அப்படித்தான் விடுவார்கள்.

சுனாமிக்குப் பிறகு வடமராட்சிக் கரைக்கும் தொண்டர்கள் வந்தார்கள். உப்பேறிய கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்கத் தெரிந்தவர்களைப் பற்றி அங்கே இன்றும் கதைப்பார்கள். இன்னும் சிலர் ஆங்கிலப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் கிழமைக்குக் கிழமை புது அக்காவின் பெயரைப் பாடமாக்கினார்கள். (பாட்டு மட்டும் மாறவில்லை.)

வெளிநாடுதான் வேண்டுமென்றால் ஜேர்மனியைப் பாருங்கள். கட்டாய இராணுவ சேவையை நிறுத்திய 2011இல், அங்கே அரசே ஒரு தொண்டர் சேவையைத் தொடங்கியது. முதியோர் இல்லம், வைத்தியசாலை போன்ற இடங்களில் வேலை, வெளிநாட்டவரும் சேரலாம், கைச்செலவுக் காசும் காப்புறுதியும் உண்டு. ஆனால் மொழி படிக்கவேண்டும், வழக்கமாக ஒரு வருசம் நிற்கவேண்டும். உங்கள் கம்பஸ் திகதியோடு அது இடிக்கும். அதுவரை, ஐ.நா. தொண்டர் அமைப்பின் இணையவழித் தொண்டுக்கு 18 வயது நிரம்பினால் போதும், கட்டணம் இல்லை, மொழிபெயர்ப்பு வேலையும் கிடைக்கும். ஆங்கிலமும் தமிழும் உங்களுக்கு நன்றாக வருகிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. சித்தப்பாவின் காசு மிஞ்சும்.

இன்னொன்று: பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டீர்களா? அதன் முடிவுத் திகதி யாருக்காகவும் காத்திருக்காது. முதலில் அதை முடியுங்கள்.