மேற்கத்திய செவ்வியல் இசையைப் புதிதாகக் கேட்க நினைப்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வியைத் தாண்டிப் போயிருப்பேன். ஆனால் கீழே, "தப்பாகக் கேட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்தப் பயத்தை ஓர் அரங்கம் நிறைய ஆட்களுக்கு முன்னால் அனுபவித்தவன் நான்.

இந்நேரம் நீங்கள் ‘கட்டாயம் கேட்க வேண்டிய 100’ மாதிரி ஏதோ ஒரு தொகுப்பைப் போட்டுப் பார்த்திருப்பீர்கள். முதல் இரண்டும் எங்கேயோ விளம்பரத்தில் கேட்டது போல இருந்திருக்கும். ஆறாவது வருவதற்குள் மனசு வேறெங்கோ போயிருக்கும். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் ஓட்டினேன். பாக், மொஸார்ட், பீத்தோவன் என்று பெயர்கள் எல்லாம் சரளமாக வாயில் வரும். ஒரு மெட்டைக்கூட முழுசாக முணுமுணுக்க வராது.

அந்த லட்சணத்தில்தான் ஒரு கச்சேரிக்குப் போனேன். நண்பன் எடுத்த டிக்கெட். அவனுக்குக் காய்ச்சல் வந்ததால் என் கைக்கு வந்தது. அன்றைக்கு ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனி. மொத்தம் நான்கு பகுதிகள், ஏறக்குறைய முக்கால் மணி நேரம். அதில் மூன்றாவது பகுதி இருக்கிறதே, முதலில் வயலின்கள் எறும்புச் சாரி போலக் குறுகுறுவென்று ஓடிக்கொண்டிருக்கும். நடுநடுவே அணிவகுப்பு மெட்டு ஒன்றின் துண்டு மட்டும் தலைகாட்டும். போகப் போக அந்தத் துண்டு வளர்ந்து, பித்தளைக் குழல்கள், பெரிய டிரம், சிம்பல் எல்லாம் ஒன்றுசேர்ந்து கூரையைப் பெயர்க்கும். அடித்து முடிக்கிற விதத்தைக் கேட்டால் கச்சேரியே முடிந்துவிட்டது என்று யாரும் சத்தியம் செய்வார்கள். நான் எழுந்தே விட்டேன். ஓங்கிக் கைதட்டினேன்.

பின்வரிசையில் இரண்டு பேர் என்னைப் பார்த்துத் தட்ட ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். அது இன்னும் மோசம். நடத்துநர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தூக்கிய கோலை இறக்காமல் நின்றார். பக்கத்து இருக்கைப் பெரியவர் என் முழங்கையைத் தொட்டு, "இன்னும் ஒண்ணு இருக்கு தம்பி" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மிச்சமிருந்த அந்த ஒன்றுதான் அந்த சிம்பொனியின் உயிர். அழுகை என்றே சொல்லலாம். கடைசியில் கனத்த குரல் கொண்ட பெரிய வயலின்களான செல்லோவும் டபுள் பாஸும் மட்டும் மிஞ்சி, மூச்சு அடங்குவது போல அடங்கும். அன்று அதில் ஒரு சுரம்கூட என் காதில் ஏறவில்லை. காது மடல் எரிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ரோஷத்தில் அதையே கேட்க ஆரம்பித்தேன். ஒரு மாதம் வேறு எதையும் தொடவில்லை. உங்களுக்கு நான் சொல்லக்கூடிய பதிலும் அதுதான். ஒரே ஒரு படைப்பை எடுத்துக்கொண்டு அதனோடு பழகுங்கள். இந்த இசையில் ஒரு மெட்டு வரும், போகும், பத்து நிமிடம் கழித்து வேறு வாத்தியத்தில், வேறு வேகத்தில் திரும்பி வரும். வந்திருப்பது யார் என்று தெரிந்தால்தானே சந்தோஷம்? அதற்கு முதலில் பார்த்த முகம் நினைவில் இருக்க வேண்டும். நூறு படைப்புகளை ஒவ்வொரு தடவை கேட்டால் ஒரு முகமும் நினைவில் நிற்காது.

நாலைந்து தடவைக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. இரண்டாம் பகுதி வால்ட்ஸ் நடனம் போல இருக்கும், ஆனால் கால் இடறும். வால்ட்ஸ் என்றால் மூன்று எண்ணிக்கை, இது ஐந்து. "தக தகிட, தக தகிட" என்று சொல்லிப் பாருங்கள், அப்படியே பொருந்தும். கடைசிப் பகுதியின் தொடக்க மெட்டை எந்த வயலினும் முழுதாக வாசிப்பதில்லை. ஒரு சுரம் முதல் வயலின்களுக்கு, அடுத்தது இரண்டாம் வயலின்களுக்கு என்று மாற்றி மாற்றிப் பிரித்துக் கொடுத்திருக்கிறார் சாய்கோவ்ஸ்கி. மெட்டு நம் காதில்தான் ஒன்றுசேர்கிறது. இதைப் படித்துத் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 1893 அக்டோபரில் அவரே நடத்தி அரங்கேற்றினார், ஒன்பதே நாளில் இறந்துபோனார்.

ஒரு எச்சரிக்கை. முதல் பகுதியின் நடுவில் இசை தேய்ந்து தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகும். சத்தத்தைக் குறைத்து வாசி என்பதற்கு இசைத்தாளில் ஒரு ‘பி’ போடுவது வழக்கம், அங்கே அவர் ஆறு ‘பி’ போட்டிருக்கிறார். கேட்கவில்லையே என்று நான் சத்தத்தை முழுசாகக் கூட்டினேன். அடுத்த நொடி மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் காதில் அறைந்தது. போன் கையிலிருந்து எகிறித் தரையில் விழுந்து கண்ணாடி போயிற்று.    

"புதிதாக வருகிறவருக்கு இவ்வளவு சோகமானதையா சொல்வது, பாக்கில் அல்லவா தொடங்க வேண்டும்" என்று சிலர் கிளம்புவார்கள். நான் இதைத்தான் கேளுங்கள் என்று சொல்லவில்லை ஐயா, எனக்கு வாய்த்தது இது. லேசாக வேண்டுமென்றால் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் ‘பொலேரோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். 1928இல் எழுதியது, கால் மணி நேரம்தான். சின்ன டிரம் ஒன்று தொடக்கத்திலிருந்து ஒரே தாளத்தை அடித்துக்கொண்டிருக்க, மெட்டு புல்லாங்குழல், கிளாரினெட், பஸூன் என்று கைமாறிக்கொண்டே போகும். எந்த வாத்தியத்துக்கு எந்தக் குரல் என்று பழக அதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. "பொலேரோ எல்லாம் ஒரு இசையா" என்பவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

அப்புறம் அந்தக் கைதட்டல். நடுவில் தட்டக்கூடாது என்பது பிற்காலத்து வழக்கம். 1778இல் பாரிஸில் தன் சிம்பொனியின் முதல் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் கைதட்டியதை மொஸார்ட் பெருமையாக அப்பாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ரசிகர்கள் அசந்துபோவார்கள் என்று தெரிந்தே அந்த இடத்தை எழுதினாராம். 1813இல் பீத்தோவனின் ஏழாவது சிம்பொனி அரங்கேறியபோது இரண்டாம் பகுதியைத் திரும்ப வாசிக்க வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் அன்றைக்கே தெரிந்திருந்தால் அந்தப் பெரியவரிடம் சொல்லியிருப்பேன். சொல்லியிருக்க மாட்டேன், ஆனாலும்.

எந்தப் பதிவைக் கேட்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். கையில் கிடைத்ததைக் கேளுங்கள். செயலிகள் ஒவ்வொரு பகுதியையும் தனிப் பாட்டாகத்தான் வைத்திருக்கும், அதனால் ஷஃபிளை மட்டும் மறக்காமல் அணைத்துவிடுங்கள்.