நெகட்டிவின் ஆரஞ்சு நிறம்

அன்புள்ள ஐயா,

அப்பா அம்மா கல்யாண நெகட்டிவ்கள் பீரோவின் மேல்தட்டில் கிடைத்தன. 1989-ல் மேற்கு மாம்பலத்தில் நடந்த கல்யாணம். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மொபைலில் எடுத்து, ஒரு ஆப்பில் பாசிட்டிவாக மாற்றினேன். எல்லாரும் நீலமாக நிற்கிறார்கள். பிலிம் முழுக்க ஆரஞ்சாக இருக்கிறது. அதே உறையில் இருந்த கருப்பு வெள்ளை நெகட்டிவ்களில் இந்த நிறம் இல்லை. பக்கத்து ஸ்டூடியோவில், “பழுத்துப் போச்சு, இனி ஒண்ணும் வராது” என்கிறார்கள். நீங்கள் அச்சுத் துறையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். உண்மையிலேயே கெட்டுவிட்டதா?

கே., அசோக் நகர்

அன்புள்ள கே.,

கெடவில்லை. தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த ஆரஞ்சு, பிலிம் கழுவி வந்த அன்றைக்கே இருந்தது. வேண்டுமென்றே வைத்த நிறம் அது.

எண்பதுகளில் திருவல்லிக்கேணியில் ஒரு பிராசஸ் ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். காலண்டர், பத்திரிகை அட்டைகளுக்கு நான்கு வண்ணம் பிரிக்கிற வேலை: சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கருப்பு என்று ஒவ்வொரு மைக்கும் தனித்தனி நெகட்டிவ். ஒரு ஜவுளிக்கடைக் காலண்டருக்காக அரக்குப் பட்டில் கிளிப்பச்சைக் கரை போட்ட புடவையின் படம் வந்தது. நிறம் ஒப்பிட்டுப் பார்க்கப் புடவையையும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். முதல் புரூப் (மாதிரி அச்சு) வந்ததும் விரித்துப் பக்கத்தில் வைத்தோம். அரக்கு பரவாயில்லை. கரை, மழைக்காலத்து மதில் சுவரில் படிந்த பாசி மாதிரி அழுக்கேறி இருந்தது.

கோளாறு மையிலேயே இருக்கிறது. சயான் மை சிவப்பு ஒளியை மட்டும் விழுங்கி, பச்சையையும் நீலத்தையும் தொடாமல் விட வேண்டும். அப்படிச் சுத்தமான சயானை இன்றுவரை யாரும் காய்ச்சியதில்லை. பச்சை ஒளியிலும் அது கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். சயான் விழுந்த இடத்திலெல்லாம் நாம் போடாத மெஜந்தாவும் கொஞ்சம் விழுந்த கணக்கு. மெஜந்தா அதேபோல் நீல ஒளியில் கைவைத்து, கொஞ்சம் மஞ்சளையும் கூட்டிக்கொண்டு வரும். மஞ்சள் மட்டும் ஓரளவு சுத்தம்.

இதற்கு மாஸ்க் போடுவோம், அதாவது நிறத்தைத் திருத்த மேலே ஒரு பிலிம் வைப்போம். சயானுக்கான நெகட்டிவிலிருந்து வெளிறிய பாசிட்டிவ் ஒன்று எடுத்து, மெஜந்தாவுக்கான நெகட்டிவின் மேல் பொருத்தி, இரண்டையும் சேர்த்து அடுத்த பிலிமுக்கு எக்ஸ்போஸ் செய்வோம். சயான் விழப்போகும் இடத்தில் அந்தப் பாசிட்டிவ் கருத்திருக்கும். அந்த அளவுக்கு அங்கே மெஜந்தா குறையும். கிளிப்பச்சை மீண்டு வரும். இந்த உத்தி 19-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயிலேயே ஜெர்மனியில் ஆல்பர்ட் என்பவர் காட்டியது.

கஷ்டம் பொருத்துவதில்தான். லைட் டேபிளில் குனிந்து, லூப் என்ற சின்ன பூதக்கண்ணாடியைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து நகர்த்துவேன். மயிரிழை விலகினாலும் உருவத்தைச் சுற்றிக் கோடு தெரியும். மே மாதத்தில் கரண்ட் போய் ஏசி நின்றால், புழுக்கத்தில் பிலிம் உப்பி, காலையில் பொருந்தியது மதியம் பொருந்தாது. அதனாலேயே நடுவில் ஒளியைச் சிதறவிடும் டிஃப்யூஷன் ஷீட் வைத்து மாஸ்க்கைக் கொஞ்சம் மங்கலாக எடுப்பதுண்டு. விலகல் தெரியாது. கூடவே ஓரங்கள் இன்னும் கூர்மையாக வரும். பிலிம் கம்பெனியான கோடக்கில் இருந்த யூல் இதை 1940-களிலேயே விளக்கி எழுதினார். போட்டோஷாப்பில் படத்தைக் கூர்மையாக்கும் கருவிக்கு ‘அன்ஷார்ப் மாஸ்க்’ என்று பெயர் வந்தது இந்த மங்கல் பிலிமிலிருந்துதான்.

இப்போது உங்கள் நெகட்டிவ். அதிலும் சாயம் மூன்று, அதே கோளாறு. ஆனால் 36 படத்துக்கும் யார் உட்கார்ந்து மாஸ்க் பொருத்துவது? கோடக்கின் வெஸ்லி ஹான்சன் மாஸ்க்கைப் பிலிமுக்குள்ளேயே வைத்துவிட்டார். டெவலப் ஆகும்போது சாயமாக மாறுகிற பொருளை கப்ளர் என்பார்கள். அது அதுவரை நிறமற்றதாக இருந்தது. ஹான்சன் அதற்கு நிறம் கொடுத்தார். மெஜந்தாவாக மாறவேண்டிய கப்ளருக்கு மஞ்சள். வெளிச்சம் பட்ட இடத்தில் கப்ளர் செலவாகி மெஜந்தா உண்டாகும். அங்கே மஞ்சள் போய்விடும், ஆனால் மெஜந்தா கூட்டிக்கொண்டு வரும் அந்தக் கசடு மஞ்சள் நீல ஒளியைத் தடுக்கும். வெளிச்சம் படாத இடத்தில் மெஜந்தா இல்லை, மிச்சமிருக்கும் மஞ்சள் அதே அளவு தடுக்கும். ஆக, பிலிம் முழுக்கத் தடை ஒரே சீர். சயானுக்கான கப்ளருக்கு இளஞ்சிவப்பு. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் நீங்கள் பார்க்கிற ஆரஞ்சு.

இடத்துக்கு இடம் மாறும் கோளாறை எந்த ஃபில்டராலும் எடுக்க முடியாது. எங்கும் ஒரே மாதிரி இருந்தால், பிரிண்ட் போடும்போது நீலத்தையும் பச்சையையும் கூட்டிக் கொடுத்தால் போதும். கசடை நீக்க முடியவில்லை, சரி, அதைச் சமமாகப் பரப்பிவிடுவோம் என்று ஒரு மனிதருக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள்! நாள் முழுக்க மாஸ்க் பொருத்திய கை என்னுடையது. இதைப் படித்துப் புரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் சினிமா சுவரொட்டிகளில் ‘ஈஸ்ட்மென் கலர்’ என்று பெருமையாகப் போடுவார்களே, 1950-ல் வந்த அந்த நெகட்டிவிலும் இதே ஏற்பாடுதான். கருப்பு வெள்ளையில் படம் வெள்ளித் துகளால் ஆனது. சாயமே இல்லாததால் திருத்தவும் ஒன்றுமில்லை.

ஆப் ஆரஞ்சையும் சேர்த்துத் திருப்பிவிடுகிறது, அதனால் நீலம். வெள்ளைத் திரை வைத்த டேப்லெட்டின் மேல் பிலிமை வையுங்கள். மஞ்சள் பல்பு வேண்டாம், ஏற்கெனவே குறைந்திருக்கும் நீலம் இன்னும் குறையும். இரண்டு படங்களுக்கு நடுவிலுள்ள வெறும் பட்டையும் தெரியும்படி எடுங்கள். அந்தப் பட்டையில் இருப்பது மாஸ்க் மட்டும்தான். முதலில் ஆப்பில் அந்தப் பட்டை சாம்பல் நிறமாகத் தெரியும்படி நிறத்தைச் சரிசெய்துவிட்டு, பிறகு பாசிட்டிவாகத் திருப்புங்கள். இத்தனை வருஷத்தில் சாயம் கொஞ்சம் மங்கியிருக்கலாம், சின்னத் திருத்தம் தேவைப்படும். பூஞ்சை தெரிந்தால் ஈரத்துணியால் துடைக்க வேண்டாம்.

அம்மாவின் முகூர்த்தப் புடவை பீரோவில் இருக்குமே. அதை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, கரையிலிருந்து நிறம் பார்க்கத் தொடங்குங்கள்.