வாசகர் கேள்வி – பதில்: ஆப்பிரிக்காவின் சமூக வானொலிகள்

கேள்வி: சமூக வானொலிச் செய்தியாளரின் வேலை, மற்ற வானொலிக்காரர்களின் வேலையிலிருந்து எங்கே வேறுபடுகிறது?

பதில்: யார் பேசுகிறார்கள் என்பதில்தான். கானாவில் 1998-இல் தொடங்கிய ரேடியோ அடா, டாங்மே மொழி பேசும் மக்களுக்கான நிலையம். அங்கே மீனவரும் உழவரும் நேயர்களாக மட்டும் இருப்பதில்லை, நிகழ்ச்சியில் பேசுபவர்களும் அவர்களே. அதற்குச் செய்தியாளர் அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே ரெக்கார்டருடன் போகவேண்டும். நிலையத்துக்கு வரச்சொன்னால் ஊர்ப் பெரியவர்தான் வருவார்; வலை இழுப்பவர் வரமாட்டார்.

கேள்வி: வெளியிடங்களில் எடுக்கும் பேட்டிகள் ஒரே இரைச்சலாக இருக்கின்றனவே?

பதில்: பதியும்போதே கவனித்தால்தான் உண்டு. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். மூச்சுக்காற்று நேராக மோதாது. ரெக்கார்டரின் ஒலி அளவுகாட்டியில் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கட்டும். அளவு மீறி உடைந்த குரலை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத்தராது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஹார்மட்டான் என்னும் வறண்ட புழுதிக் காற்று வீசும் மாதங்களில் மைக்குக்குப் பஞ்சு உறை மட்டும் போதாது, அதன்மேல் ரோம உறையும் வேண்டும். அருகே ஜெனரேட்டர் ஓடினால் மைக்கின் முதுகு அதைப் பார்த்திருக்கட்டும். பேட்டி முடிந்ததும், யாரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை 30 விநாடி தனியாகப் பதியுங்கள். எடிட் செய்யும்போது வெட்டிய இடம் தெரியாமல் மூட அது உதவும்.

கேள்வி: உள்ளூர் மொழிப் பேட்டியை வேறு மொழி நேயர்களுக்கு எப்படிக் கொடுப்பது?

பதில்: அசல் குரலை முழு அளவில் நாலைந்து விநாடி ஓடவிடுங்கள். பிறகு அதை 15 டெசிபல் குறைத்து அதன்மேல் மொழிபெயர்ப்பை ஏற்றுங்கள். முடியும்போது மறுபடி அசல் குரல் மேலே வரட்டும். அசலை அடியோடு வெட்டிவிடுவது பேசியவருக்குச் செய்யும் அநியாயம். மொழிபெயர்ப்பை ஒலிபரப்பும் முன், அந்த மொழி தெரிந்த இன்னொருவர் கேட்டுப் பார்க்கவேண்டும்.

கேள்வி: நேரலையில் பெண்கள் அழைப்பதே இல்லை. ஏன்?

பதில்: பல வீடுகளில் போன் ஆண்கள் கையில் இருக்கிறது, அழைக்கக் காசும் ஆகும். மிஸ்டு கால் வாங்கி, நிலையமே திருப்பி அழைப்பது ஒரு வழி. அதைவிட நல்லது நேரில் போய்க் குழுவாகப் பதிவது. ஜிம்பாப்வேயில் பெண்களின் வானொலிக் குழுக்கள் தங்கள் கேள்விகளைக் கேசட்டில் பதிந்து கொடுத்தன. அதிகாரிகளின் பதிலும் சேர்ந்தே ஒலிபரப்பானது. பதில் கிடைக்கும் என்று தெரிந்தால் பெண்கள் தயங்காமல் பேசுவார்கள்.

கேள்வி: பேசுபவருக்கு ஆபத்து வரலாம் என்றால்?

பதில்: ஆபத்து நிலையத்துக்கும் உண்டு. 2022 ஜனவரியில் ரேடியோ அடாவுக்குள்ளேயே புகுந்து தாக்கினார்கள். அப்பகுதியிலுள்ள சொங்கோர் காயலில் உப்பு எடுக்கும் உரிமையைப் பற்றி அந்த நிலையம் பேசிவந்த காலம் அது. எனவே மூலப் பதிவுகளின் பிரதி ஒன்று வேறிடத்தில் இருக்கவேண்டும். பேசுபவரின் அடையாளத்தை மறைக்கக் குரலின் சுருதியை மட்டும் மாற்றினால் போதாது, அதைத் திருப்பிவிட முடியும். சொன்னதை வேறொருவர் வாசிக்கட்டும். ஊர், தொழில், உறவு எதுவும் அவரைக் காட்டிக்கொடுக்கிறதா என்றும் பாருங்கள்.