சோலார் பேனல் தவிர, நட்சத்திரங்களிலிருந்து ஆற்றல் எடுக்க வினோதமான வழிகள் ஏதாவது இருக்கிறதா?

நிறையவே இருக்கிறது. அதில் ஒன்றை என் மொட்டை மாடியிலேயே செய்து பார்த்தேன், கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் 3 கிலோவாட் பேனல் மாட்டி நாலு வருடம் ஆகிறது. முதல் சித்திரையிலேயே ஏமாற்றம். தரையில் கால் வைக்க முடியாத வெயில், ஆனால் மாசியில் வந்த யூனிட் கூட வரவில்லை. மாட்டிய பையனைக் கேட்டேன். "அதுக்கு வெளிச்சம்தான் சார் வேணும், சூடு ஆகாது" என்றான். உண்மைதான். சிலிக்கான் பேனல் 25 டிகிரியைத் தாண்டினால், ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறைவாகத் தரும். மதியம் அது 65 டிகிரியைத் தொட்டால் ஏழில் ஒரு பங்கு காலி. அன்றிலிருந்து இந்த மாதிரி யோசனை எதைப் படித்தாலும் என் முதல் கேள்வி, மிச்சச் சூட்டை எங்கே கொட்டுவார்கள் என்பதுதான்.

"நட்சத்திரங்கள்" என்று பன்மையில் கேட்டிருப்பதால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரவு வானத்திலேயே பளிச்சென்று தெரியும் நட்சத்திரம் சிரியஸ். அதன் ஒளி நம்மிடம் வந்து சேரும்போது சதுர மீட்டருக்கு 0.1 மைக்ரோவாட் சொச்சம்தான். என் 15 சதுர மீட்டர் பேனல் முழுக்க விழுந்தாலும் ஒரு குவார்ட்ஸ் கைக்கடிகாரம் ஓடாது. ஆக, நட்சத்திரத்தின் பக்கத்தில் இருந்தால்தான் வேலை நடக்கும். நமக்கு வாய்த்தது சூரியன். அதிலும் அது வெளிவிடுவதில் சுமார் 220 கோடியில் ஒரு பங்குதான் பூமி மேல் படுகிறது.

மீதியையும் பிடித்தால் என்ன என்று 1960-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு குட்டிக் கட்டுரை எழுதினார் இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன். அந்த யோசனைக்கு வந்த பெயர் டைசன் கோளம். அதைச் சொன்னாலே சூரியனைச் சட்டி போட்டு மூடியது போல ஒரு படம் போடுவார்கள். அவர் மனதில் இருந்தது தனித்தனியாகச் சுற்றிவரும் பொருள்களின் பெருங்கூட்டம். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த படி. வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றி இதைச் செய்வது எவ்வளவு கெட்டிக்கார நாகரிகமாக இருந்தாலும், பிடித்த ஆற்றலைப் பயன்படுத்தி முடித்ததும் அது வெப்பமாகத்தான் வெளியே போயாக வேண்டும். அப்படி ஒரு கூட்டம் இருந்தால் அது 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) அலைநீளத்தை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் ஒளிரும். நம் காற்று மண்டலம் 8 முதல் 12 மைக்ரான் வரை வழிவிடுவதால் தரையிலிருந்தே தேடலாம் என்றார். இந்த 8 முதல் 12 மைக்ரானை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கூட்டத்தைச் சுற்றவிடாமல் அப்படியே நிறுத்தவும் ஒரு யோசனை உண்டு. சூரிய ஒளிக்கே தள்ளும் அழுத்தம் இருக்கிறது. ஒளியை விழுங்கும் தகடு சதுர மீட்டருக்கு 0.8 கிராமுக்கும் கீழே இருந்தால், சூரியனின் இழுப்பும் ஒளியின் தள்ளலும் சரிக்குச் சரியாகி அது அந்தரத்தில் நிற்கும். தூரம் ஒரு பொருட்டே இல்லை, இரண்டும் ஒரே விகிதத்தில் குறைவதால். நாம் எழுதும் தாள் சதுர மீட்டருக்கு 80 கிராம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1987-ல் சோவியத் இயற்பியலாளர் லியோனிட் ஷ்கடோவ் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு பக்கம் மட்டும் ராட்சதக் கண்ணாடியை நிறுத்தி சூரியனையே நகர்த்தலாம் என்றார்.

அப்புறம் செத்த நட்சத்திரங்கள். அடுப்பு என்று பார்த்தால் உயிரோடு இருக்கும் நட்சத்திரம் ரொம்பச் சுமார். ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது நிறையில் 0.7 சதவீதம்தான் ஆற்றலாகிறது. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் உங்கள் உடம்பு சூரியனைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிக வெப்பம் தருகிறது! ஆனால் பெரிய நட்சத்திரம் செத்து மிஞ்சும், வேகமாகச் சுழலும் கருந்துளைக்குள் பொருளைக் கொட்டினால், அது சுழன்று சுழன்று விழும்போது நிறையில் 40 சதவீதம் வரைகூட ஆற்றலாக வெளிவரலாம். கருந்துளையின் சுழற்சியிலிருந்தே ஆற்றலைக் கறக்கலாம் என்று 1969-ல் இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் காட்டியது தனிக் கதை.

சரி, மொட்டை மாடிக்கு வருகிறேன். சூட்டிலிருந்து வேலை வாங்கும் எந்த இயந்திரத்துக்கும் சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று வேண்டும். சூடான பக்கத்தை நட்சத்திரம் தருகிறது. நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கும் இருட்டு வெறும் 3 கெல்வின், அதாவது மைனஸ் 270 டிகிரி. இலவசக் குளிர்! டைசன் சொன்ன அதே 8 முதல் 12 மைக்ரான் சன்னல் வழியாக, பகலில் வாங்கிய சூட்டைத் தரை இரவெல்லாம் அங்கே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அலகாபாத் பக்கம் குளிர்கால இரவுகளில் குழி தோண்டி, கரும்புச் சக்கை பரப்பி, ஆழமில்லாத மண் சட்டிகளில் தண்ணீர் வைத்து ஐஸ் எடுத்ததை 1775-லேயே ராபர்ட் பார்க்கர் எழுதிவைத்திருக்கிறார். காற்று உறைநிலைக்கு இறங்காமலே ஐஸ் கிடைத்திருக்கிறது.

2019-ல் ஆராய்ச்சியாளர்கள் ஆஸ்வத் ராமனும் ஸ்டான்ஃபோர்டின் ஷான்ஹூய் ஃபானும் இதை வைத்து ஒரு எல்.ஈ.டி.யை எரியவிட்டார்கள். தெர்மாகோல் பெட்டி, வானம் பார்த்த கருப்பு அலுமினியத் தட்டு, அதன் அடியில் வெப்ப வித்தியாசத்தை மின்சாரமாக்கும் சில்லு, வோல்ட்டேஜை ஏற்றிக் கொடுக்க ஒரு சின்னச் சுற்று, அவ்வளவுதான். சதுர மீட்டருக்கு 25 மில்லிவாட் கிடைத்தது.

போன தை மாதம் நானும் ஒரு பழைய மினி ஃப்ரிட்ஜிலிருந்து அதே வேலை செய்யக்கூடிய பெல்டியர் சில்லைக் கழற்றி, மீன் வரும் தெர்மாகோல் பெட்டியில் வைத்தேன். தட்டுக்குக் கருப்புப் பெயின்ட். ராத்திரி பதினொரு மணிக்கு மல்டிமீட்டர் 30 மில்லிவோல்ட் காட்டியது. எல்.ஈ.டி. எரிய 2 வோல்ட் பக்கம் வேண்டும், அதனால் விளக்கெல்லாம் எரியவில்லை. தட்டைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. பனிக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "இதுல என்னடா வருது?" என்று அம்மா கேட்டாள். பதில் சொல்வதற்குள் ஒரு மேகம் நேர் மேலே வந்து நின்றது. மீட்டர் 20, 12 என்று இறங்கி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது.